கால் வைக்கிற இடம்

பழைய புல்லட் கிடைக்குமான்னு கேட்டு கோயமுத்தூர், பெங்களூர் பக்கமிருந்து மாசத்துக்கு ரெண்டு பேராவது எங்க ஊருக்கு வந்துட்டுப் போறாங்க. நல்ல பசங்கதான். வண்டியைச் சுத்தி வந்து இன்ஜின் நம்பர் பார்ப்பாங்க, டேங்க் பெயிண்டை நகத்துல சுரண்டிப் பார்ப்பாங்க. அப்புறம் குத்த வெச்சு உக்காந்து கீழே பார்த்துட்டு, "புட்ரெஸ்ட் ஒரிஜினல் இல்லீங்களே அங்கிள்"ம்பாங்க. நான் இல்லைன்னுதான் சொல்வேன். "அப்ப அதை எடுத்துட்டு கம்பெனி செட் போட்டுக்கலாம்"னு அவங்களே ஒரு முடிவுக்கும் வந்துருவாங்க.

என் வண்டி விற்பனைக்கு இல்லை, அதனால அந்தப் பேச்சு அங்கேயே நின்னுரும். ஆனா புட்ரெஸ்ட் விஷயத்துல எனக்குச் சொல்ல நிறைய இருக்குங்க. மோட்டார் சைக்கிள்ல கால் எங்கே இருக்கணும்ங்கறதை ஒரு காலத்துல ஒருத்தர் முடிவு பண்ணியிருக்கார். அவர் மனசுல ஒரு ஆள் இருந்திருக்கான். அந்த ஆள் நீங்களா நானாங்கறதுதான் கேள்வி.

மம்பட்டிக்குக் காம்பு போடறப்ப ஆசாரி நம்ம உயரத்தைப் பார்ப்பார். நிக்கச் சொல்லி, கையைத் தொங்கப்போடச் சொல்லி, அப்புறம்தான் அறுப்பார். அப்பன் மம்பட்டியை மகன் எடுத்து வெட்டினா ரெண்டாம் நாளே இடுப்பு சொல்லிரும். அதே மனுசன் ஆயிரக்கணக்குல ஒரே அளவா வர்ற வண்டியில ஏறி உக்காந்து, அது வலிச்சா "எனக்கு வயசாயிருச்சு"ன்னு சொல்லிக்கறான். கட்டை இருக்கிற இடம் சரியில்லைன்னு அவனுக்குத் தோணறதில்லை.

ஆதியில புட்ரெஸ்டே கிடையாது. மோட்டார் சைக்கிள் பொறந்தது சைக்கிளுக்குத்தானே? 1900-ஐ ஒட்டி வந்த வண்டிகள்ல பெரும்பாலானது பெடலோடதான் வந்துச்சு. மிதிச்சு ஓட்டி இன்ஜினைக் கிளப்பணும். மேடு வந்தா இன்ஜினுக்கு ஒத்தாசையா திரும்பவும் மிதிக்கணும். கால் வைக்கிற இடமும் அதே பெடல்தான்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல இருக்கிற ஐல் ஆஃப் மேன் தீவுல 1907-ல முதல் டி.டி. பந்தயம் நடந்துச்சு. ஒத்தை சிலிண்டர் பிரிவுல மேட்ச்லெஸ் வண்டியில சார்லி கோலியர் ஜெயிச்சார். டிரையம்ப் வண்டியில வந்த ஜாக் மார்ஷல் ரெண்டாவது. கோலியர் வண்டியில பெடல் இருந்துச்சு, மேட்டுல அவர் மிதிச்சு ஏறினார்ங்கறது டிரையம்ப்காரங்களோட வருத்தம். அடுத்த வருஷமே, 1908-ல, பந்தயத்துல பெடல் கூடாதுன்னுட்டாங்க. அந்த வருஷம் ஜெயிச்சது மார்ஷல்! அப்போதிருந்து மோட்டார் சைக்கிள்காரனோட காலுக்கு மிதிக்கிற வேலை போச்சு. கிளச்சும் உதைச்சு கிளப்பற கிக்கரும் வந்தபிறகு ரோட்டு வண்டிகளும் மெதுவா பெடலைக் கழட்டிப்போட்டுருச்சு.

(இங்கே ஒண்ணு சொல்லியாகணும். உலகம் பெடலைக் கைவிட்டு எழுபது வருஷம் ஆனப்புறம், 1980-ல, ஓசூர்ல இருந்து டி.வி.எஸ். 50 வந்துச்சு. பெடலோட! பெட்ரோல் தீர்ந்தா மிதிச்சுக்கிட்டே பங்க் வரைக்கும் போகலாம். எங்க பக்கம் தேங்காய் வியாபாரி, கோழி வியாபாரி, பால்காரர் எல்லாத்தையும் தூக்கி விட்ட வண்டி அது. பழைய யோசனைன்னு யாரும் அதை இளக்காரமா பார்க்கலை.)

பெடல் போனதும் சும்மா கிடக்கிற காலை எங்கே வைக்கிறதுங்கற கேள்வி வந்துச்சு. அமெரிக்காக்காரங்க பலகை வெச்சாங்க. ஹார்லி, இந்தியன் மாதிரி வண்டிகள்ல பாதம் முழுசையும் வைக்கிற மாதிரி நீளமான பலகை. அவங்க ரோடு நேரா, நூத்துக்கணக்கான மைல் போற ரோடு. காலை முன்னும் பின்னும் நகர்த்தி வெச்சுக்க இடம் வேணும். இன்னொரு காரணமும் உண்டு. அவங்க வண்டியில அப்ப கியர் கையில, கிளச் கால்ல. கிளச்சை மிதிக்கிற காலுக்குக் கீழே பலகை இருந்தாத்தான் நிதானம் கிடைக்கும். ஹார்லியோட பெரிய வண்டிகள்ல கால் கியர் வந்ததே 1952-லதான்.

இங்கிலாந்துல நடந்தது வேற. அங்கே சின்ன ரோடு, வளைவு ஜாஸ்தி. வளைவுல வண்டி சாயறப்ப அகலமான பலகை தரையில உரசும். அதனால ரப்பர் மாட்டின ஒரு சின்னக் கட்டை போதும்னு வெச்சாங்க. அதுவரைக்கும் டேங்க் பக்கத்துல கையால தள்ளிக்கிட்டிருந்த கியர், 1928-ஐ ஒட்டி வெலோசெட் கம்பெனியோட ஹரால்டு வில்லிஸ் கொண்டுவந்த அமைப்புனால காலுக்கு இறங்கி வந்துச்சு. ஒரு மிதிக்கு ஒரு கியர், லீவர் திரும்ப பழைய இடத்துக்கே வந்து நிக்கும். இன்னைக்கு நாம எல்லாரும் ஓட்டறது அந்த முறைதான்.

அதுல இருந்து புட்ரெஸ்ட் தனிக் கட்டை இல்லீங்க. ஒரு பக்கம் கியர், ஒரு பக்கம் பிரேக். குதிகாலை எங்கே ஊனறோமோ அதை வெச்சுத்தான் கட்டைவிரலுக்கு லீவர் எட்டும். கட்டையை ஒரு அங்குலம் நகர்த்தினா மத்த ரெண்டையும் கூட நகர்த்தியாகணும். இதை மறந்துட்டு வெறுங்கட்டையை மட்டும் இறக்கிக்கிட்டு, பிரேக்குக்குக் காலைத் தூக்கித் தூக்கி வெக்கிற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன்.

இப்ப நம்ம புல்லட்டுக்கு வருவோம். பேரு 1930-கள்லயே இருக்கு. ஆனா நமக்குத் தெரிஞ்ச புல்லட் ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வந்தது. பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம், ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். 1948-ல அதோட சோதனை வண்டிகளை விட்டுப் பார்த்தது தார் ரோட்டுல இல்லை. சேறும் பாறையுமா இருக்கிற டிரையல்ஸ் போட்டியில விட்டாங்க. அதே வருஷம் இத்தாலியில நடந்த ஆறு நாள் போட்டியில பிரிட்டிஷ் அணியில ஓடின புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வாங்குச்சு. 1949-ல விற்பனைக்கு வந்துச்சு. 346 சி.சி., 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்.

இதை ஏன் சொல்றேன்னா, அந்த வண்டியில உக்காந்தா முதுகு நேரா நிக்கும், கை அகலமா விரியும், கால் உடம்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே வரும். குழி வந்தா சட்டுன்னு கட்டையில எழுந்து நிக்கலாம். காட்டு வழியில போறவனை நினைச்சு வெச்ச இடம் அது. நம்ம ராணுவம் 1950-களின் தொடக்கத்துல எல்லைக் காவலுக்கு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தப்ப, பூட்ஸ் போட்ட சிப்பாய்க்கும் அது பொருந்தி வந்துச்சு. அந்த ஆர்டரை ஒட்டித்தான் 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை போட்டாங்க. முதல்ல பாகமா வந்ததை இங்கே பூட்டினாங்க. 1962 வாக்குல எல்லாப் பாகமும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சுட்டாங்க.

இங்கே நாம காட்டு வழிக்கான உக்காரும் முறையை அப்படியே வாங்கிக்கிட்ட நேரத்துல, அங்கே பசங்க வேற பக்கம் போயிட்டாங்க. லண்டன் நார்த் சர்க்குலர் ரோட்டுல ஏஸ் கஃபேன்னு ஒரு லாரிக்காரர் டீக்கடை. 1938-ல ஆரம்பிச்சு, போர்ல குண்டு விழுந்து, 1949-ல திரும்பக் கட்டினது. 1950-கள்லயும் 60-கள்லயும் மோட்டார் சைக்கிள் பசங்க கூடற இடம் அதுதான். மணிக்கு நூறு மைல் தொட்டுட்டான்னா அவன் பெரிய ஆள். பந்தய வண்டியைப் பார்த்து ஹேண்டிலைக் கீழே இறக்கினாங்க, சீட்டைப் பின்னுக்குத் தள்ளினாங்க, புட்ரெஸ்டை ஒரு சாண் பின்னாலயும் மேலயும் கொண்டுபோனாங்க. நார்ட்டன் சட்டத்துல டிரையம்ப் இன்ஜினைத் தூக்கி வெச்சு 'டிரைட்டன்'னு பேர் வெச்சாங்க. முதல்ல இதெல்லாம் வீட்டுக் கொட்டகையில நடந்த வேலை. அப்புறம் கம்பெனிகளே காப்பியடிக்க ஆரம்பிச்சாங்க. ராயல் என்ஃபீல்டு 1964-ல விட்ட 250 சி.சி. கான்டினென்டல் ஜி.டி.யில தாழ்ந்த ஹேண்டிலும் பின்தள்ளின புட்ரெஸ்டும் கம்பெனியிலயே போட்டு வந்துச்சு.

அமெரிக்காவுல இதுக்கு நேர் எதிர். சாப்பர்ங்கற வண்டியில புட்ரெஸ்ட் முன் சக்கரத்தை எட்டிப் பிடிக்கிற மாதிரி முன்னால போச்சு. 1969-ல 'ஈஸி ரைடர்' படம் வந்தப்புறம் உலகமே அதைப் பார்த்துச்சு. நீளப் பயணத்துக்குன்னு இன்ஜின் முன்னாடி இருக்கிற கார்டுல தனியா ரெண்டு கட்டை மாட்டி, காலை நீட்டிக்கிறதும் அங்கே வழக்கமாச்சு.

பின்தள்ளின புட்ரெஸ்ட் பத்தி ஒரு வார்த்தை. இப்ப நம்ம ஊர்ப் பசங்க பழைய புல்லட்டுல ஹேண்டிலை மாத்தாம புட்ரெஸ்டை மட்டும் பின்னால கொண்டுபோறாங்க. பார்க்க ஜம்முனு இருக்கும். உக்காந்தா கிணத்து மேட்டுல குந்த வெச்ச மாதிரி முட்டி மடங்கிக்கும், கை மட்டும் மேலே இருக்கும். பந்தயக்காரன் குனிஞ்சு படுத்து ஓட்டறப்ப நூறு மைல் வேகத்துக் காத்து அவன் நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும். அதனால மணிக்கட்டுல பாரம் விழாது. தாராபுரம் ரோட்டுல 45-ல போற நமக்கு எந்தக் காத்து வந்து தாங்கும்? பாரம் முழுக்க மணிக்கட்டுலயும் கழுத்துலயும்தான். கை, இடுப்பு, கால் மூணும் ஒரு முக்கோணம். ஒரு மூலையை மட்டும் இழுத்தா மத்த ரெண்டும் கோணிக்கும்.

ரெட்டிச் தொழிற்சாலையை 1967-ல மூடினாங்க. 1970-ல இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளே நின்னுபோச்சு. திருவொற்றியூர் மட்டும் நிக்கலை. 1977-ல இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாச்சு. இத்தனை வருஷத்துலயும் கால் வைக்கிற இடம் பெருசா மாறலை. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக், ஆல்பியன் கியர்பாக்ஸ், ஒண்ணு மேலே மூணு கீழே, நியூட்ரல் கண்டுபிடிக்கத் தனியா ஒரு குட்டி லீவர். கம்பெனி மாத்தாததை ஊர்தான் மாத்திக்கிச்சு.

எங்க தாலுக்காவுல மட்டும் நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். முதல்ல பால்காரங்க. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கேன் தொங்கணும். பின்னால உக்கார்றவங்க கால் வைக்கிற கட்டை கேனை இடிக்கும். அதைக் கழட்டிட்டு அந்த போல்ட்டுலயே கேன் கேரியரோட காலை மாட்டினாங்க. சோளத்தட்டு கட்டறவங்களுக்கு வேற சிக்கல். கட்டு பெருசாக ஆக, ஓட்டற ஆள் முன்னால நகர்ந்து டேங்க் மேலயே ஏறி உக்காருவார். இடுப்பு முன்னால வந்துருச்சு, கட்டை பழைய இடத்துலயே இருக்கு. முட்டி மடங்கி நெஞ்சைத் தொடும். அதுக்காக ஒரு பட்டைத் தகடை வெட்டி, ரெண்டு துளை போட்டு, கட்டையை மூணு அங்குலம் முன்னால கொண்டுபோனாங்க. இதுக்குப் பட்டறையில பேர்கூட இருந்துச்சு, 'தட்டுக்காரர் செட்'டுன்னு. அமெரிக்காக்காரன் சொகுசுக்குச் செஞ்சதை எங்காளு மாட்டுத் தீவனத்துக்காகச் செஞ்சான்.

லெக் கார்டுல பைப் வெல்டு வெச்சு, காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறவங்களும் உண்டு. இது எனக்குப் பிடிக்காது. கால் அங்கே இருக்கிற நேரத்துல நாய் குறுக்கே வந்தா, காலை எடுத்துப் பிரேக்குக்குக் கொண்டுவர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும்.

ஆனா எல்லாத்தையும் விடப் பெரிய மாத்தம் பொம்பளைங்களுக்காகச் செஞ்சதுதான். இங்கிலாந்துல புல்லட்டை வரைஞ்சவங்க, பின்னால உக்கார்றவங்களும் ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருவாங்கன்னு நினைச்சு வரைஞ்சிருக்காங்க. சேலை கட்டினவங்க ஒரு பக்கமாத்தானே உக்கார முடியும்? நம்ம ரோட்டுல இடது பக்கம்தான் ஓரம், அதனால இடது பக்கம் கால் தொங்கும். புல்லட்டுல செயினும் இடது பக்கம்தான். சேலைத் தலைப்பு ஆரத்துலயோ செயின்லயோ சிக்கி விழுந்து அடிபட்டவங்க கதை எங்க தலைமுறையில எல்லா ஊர்லயும் இருக்கும். இடது பக்கம் அகலமா ஒரு பலகைப் படி, அதுக்கு மேலே சக்கரத்தை மறைக்கிற கம்பி வலை. 'லேடீஸ் புட்ரெஸ்ட்', 'சாரி கார்டு'ன்னு பேரு. இன்னைக்கு அது சட்டமாவே இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதி: தயாரிக்கும்போதே பின்னால உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காம இருக்கப் பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு எல்லாம் இருக்கணும். விதி 1989-ல வந்தது. எங்க வண்டியில படி அதுக்கு முன்னாடியே வந்துருச்சு.

எங்கப்பா 1983-ல பழைய வண்டியாத்தான் இதை வாங்கினார். அடுத்த வாரமே பட்டறைக்குக் கொண்டுபோய் அம்மாவுக்காகப் படி வெச்சார். அம்மாவுக்குக் கால் குட்டை. ரெடிமேடுல விக்கிற படி எட்டலைன்னு ரெண்டு அங்குலம் உசத்தி வெச்சார். அந்தப் படியில உக்காந்துதான் அம்மா பழனிக்குப் போச்சு, தம்பி பொறக்கறப்ப உடுமலை ஆஸ்பத்திரிக்குப் போச்சு, தாத்தா செத்தப்ப தாய்வீட்டுக்குப் போச்சு. படியோட ஓரத்துல இரும்பு பளபளன்னு தேஞ்சிருக்கும். அம்மா செருப்போட குதி பட்ட இடம் அது. பழைய வண்டி வாங்கற தம்பிகள் முதல்ல கழட்டி எறியறது இந்தப் படியைத்தான். பழைய கம்பெனிப் படத்துல அது இல்லையாம்.

எனக்கு இதுல வருத்தம் இருக்குங்க, மறைக்க என்ன இருக்கு. 1955 மாடல் எப்படி ஷோரூம்ல இருந்துச்சுங்கறதுக்குப் படம் இருக்கு, புஸ்தகம் இருக்கு. அதை வாங்கின குடியானவன் எப்படி உக்காந்தான், அவன் பொண்டாட்டி எங்கே கால் வெச்சா, எத்தனை கேன் தூக்கினான்ங்கறதுக்கு அந்தத் தகடும் துளையும்தான் சாட்சி. அதைச் சுரண்டிப் பெயிண்ட் அடிச்சா வண்டி புதுசாயிரும், வாஸ்தவம். அப்புறம் அது யாரோட வண்டி?

மைசூர்ல இருந்து வந்த ஜாவா, எஸ்டி வண்டிகள்ல இந்த மாதிரி மாத்தறது அவ்வளவு சுலபம் இல்லை. அதுல கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டு, இடது பக்கம். உள்ளே அமுக்கி மேலே திருப்பினா கிக்கர், கீழே விட்டா கியர். கட்டையை அங்கே இங்கே நகர்த்தினா ஒண்ணு உதைக்கிறப்ப முட்டும், இல்லை கியர் எட்டாது. எஸ்டிக்காரங்க அதனாலயே சீட்டு பஞ்சைத்தான் மாத்துவாங்க. அதுவும் ஒரு வழி. கட்டையை இறக்க முடியலைன்னா ஆளை ஏத்து!

சரி, என் வண்டி. அப்பா அஞ்சடி நாலு அங்குலம். அவருக்கு அந்த வண்டி தச்சு வெச்ச சட்டை மாதிரி. நான் ஆறடிக்கு ஒரு அங்குலம் கம்மி. இளந்தாரியா இருந்தப்ப ஒண்ணும் தெரியலை. நாப்பத்தஞ்சு தாண்டினதும் முட்டி பேச ஆரம்பிச்சுது. நாத்து வயல்லயும் வாய்க்கால் மடையிலயும் குந்திக் குந்தி வேலை செஞ்ச முட்டி. உடுமலை போய்ட்டு வந்து ஸ்டாண்டு போடறப்ப காலை நீட்ட முடியாம ரெண்டு நிமிஷம் வண்டியைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். டாக்டர், "முட்டி ரொம்ப மடங்கின நிலையில ரொம்ப நேரம் வெச்சிருக்காதீங்க"ன்னார். மகன், "வண்டியை வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கலாமுங்கப்பா"ன்னான். நான் ஒரு சாக்குக் கட்டியை எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போயிட்டேன்.

அங்கே நாங்க செஞ்சது இதுதான். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டுல போட்டு நான் ஏறி உக்காந்தேன். காலைத் தொங்க விட்டு, முட்டி வலிக்காத வரைக்கும் மெதுவா மடக்கினேன். குதிகால் நிக்கிற இடத்துல லேத்துக்காரத் தம்பி ஒரு மரக்கட்டையை அடுக்கி, சுவத்துல சாக்குக் கட்டியால கோடு போட்டான். கம்பெனி இடத்துல இருந்து ஒண்ணரை அங்குலம் கீழே, ஒரு அங்குலம் முன்னால. அவ்வளவுதான். "ஏனுங்ணா, இதுக்குப் போயா இத்தனை வருசம் நொண்டுனீங்க?"ன்னான்.

ஒண்ணரை அங்குலம் சின்ன விஷயம், ஆனா கூடவே வர்ற வேலை பெருசு. சட்டத்துல வெல்டு வெக்க வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டேன். சூடு பட்ட இடத்துல பழைய பைப் பலம் குறையும், பின்னால வெடிப்பு விடும். அதனால 10 மில்லிமீட்டர் இரும்புத் தகடுல ரெண்டு பக்கத்துக்கும் ஒரு துண்டு வெட்டினோம். மேல் துளை பழைய புட்ரெஸ்ட் இருந்த இடத்துல உக்காரும். கீழ்த் துளையில பழைய கட்டையே திரும்ப மாட்டிக்கும். ஒரே போல்ட்டுல நிக்கிற தகடு, ஏறி நின்னா சுத்தும். அது சுத்தாம இருக்கப் பின்பக்கம் ஒரு கொக்கி மாதிரி மடிச்சு சட்டத்து மேல தாங்கல் கொடுத்தோம். இந்தத் தாங்கல் இல்லாம செய்யற தகடு குழியில விழுந்தா ஒருநாள் திரும்பிக்கும். கால் கீழே போயிரும். புதுசா செய்யறவங்க இதை மட்டும் விட்டுறாதீங்க.

வலது பக்கம் கியர் லீவர் பல்லுத் தண்டுல மாட்டியிருக்கும். ஒரு பல்லு கீழே இறக்கி மாட்டினதுல உயரம் சரியாச்சு. நீளம் ஒரு அங்குலம் பத்தலை. லீவரை நடுவுல அறுத்துத் துண்டு சேர்க்க மனசு வரலை, பழைய இரும்புக் கடையில கிடைச்ச இன்னொரு லீவரை அறுத்து நீட்டிக்கிட்டோம். அசல் லீவர் வீட்டுல எண்ணெய்த் துணியில சுத்தி இருக்கு. இடது பக்கம் பிரேக் பெடல்தான் கஷ்டம். பெடலை இறக்கினா பின்னால போற ராடு தளரும். சக்கரத்துக்கிட்ட இருக்கிற நட்டை முறுக்கி அதைச் சரி பண்ணணும். பெடல் கீழே மிதிபடறப்ப தரைக்கும் அதுக்கும் எத்தனை இடைவெளி இருக்குன்னு, ஆளை உக்கார வெச்சு அளக்கணும். ஆள் இல்லாம அளந்தா பொய்க்கணக்கு.

இன்னொண்ணு, இது மெக்கானிக்கே சொல்லாத விஷயம். புல்லட்டுல கிளச் பிளேட் பார்க்கணும்னா இடது புட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் கழட்டித்தான் செயின் கேஸ் மூடியை எடுக்க முடியும். அதனால இந்தத் தகடு சுலபமா கழண்டு வரணும். நிரந்தரமா பத்த வெச்சுட்டா அடுத்த கிளச் வேலையில மெக்கானிக் உங்களை ஏசுவான்.

கட்டை இறங்கினா வளைவுல சாயறப்ப சீக்கிரம் தரையில உரசும். பந்தய வண்டியில கட்டை மடங்கற மாதிரி இருக்கும், என் வண்டியில மடங்காது. உரசினா வண்டியையே நெம்பித் தூக்கிரும். வளைவுல நான் மெதுவாப் போற ஆள், எனக்குப் பரவாயில்லை. மலையேற்ற ஆசை உள்ளவங்க, பொள்ளாச்சி தாண்டி வால்பாறை போய் வளைச்சு வளைச்சு ஓட்டறவங்க, இதைச் செய்யாதீங்க. உங்களுக்குச் சீட்டு உசத்தறதுதான் நல்லது.

சட்டத்தையும் சொல்லிடறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற விவரம் கம்பெனி சொன்னதுல இருந்து மாறிப்போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. சட்டத்தை அறுக்கறது, இன்ஜின் மாத்தறது எல்லாம் அதுல வரும். நான் எதையும் அறுக்கலை, ஒட்டலை. நாலு நட்டைக் கழட்டினா பழையபடி ஆயிரும். இருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.க்குப் போறப்ப தகடைக் காட்டிக் கேட்டுக்கறது நல்லது.

தகடு, லேத் கூலி, பழைய லீவர் எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை உரத்துக்குக் கொடுக்கிற காசுக்குள்ள முடிஞ்சுது. ஆறு வருஷமாச்சு. முட்டி வலி போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், அது போகாது. ஆனா உடுமலை போய் இறங்கினதும் வண்டியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதில்லை. அம்மா படி இடது பக்கம் அப்படியே இருக்கு. இப்ப அதுல என் சம்சாரம் கால் வெக்குது. அதுக்கு அம்மாவை விட உயரம் ஜாஸ்தி, படியைக் கொஞ்சம் இறக்கித் தாங்கன்னு ரெண்டு தீபாவளியா சொல்லிக்கிட்டிருக்கு. அந்தத் தேஞ்ச ஓரம் கெடாம எப்படி இறக்கறதுன்னு லேத்துக்காரத் தம்பியும் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கோம்.

தகடு போட்டவங்க நட்டை அப்பப்போ பாருங்க. அந்த ஒத்தை சிலிண்டர் அதிர்ச்சிக்குத் தளராத நட்டு கிடையாது. நான் அமாவாசைக்கு அமாவாசை ஸ்பேனர் போட்டுப் பார்த்துருவேன். இதுவரைக்கும் தளர்ந்தது ஒரே ஒரு நட்டுதான், இடது பக்கம், அதுவும் மழை மாசத்துல.